ஏமாந்தவர்கள் அல்ல, காவல் நின்றவர்கள்

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கருத்தரங்கு. பாசிசமும் பெண்களும் என்பது பொருள். பேசிய தோழர் நல்ல மனிதர், நிறையப் படித்தவர். பெண் இயல்பிலேயே அமைதியை நாடுபவள், தாய்மை வன்முறைக்கு நேரெதிரானது, ஜெர்மனியில் தேசியவாதத்தின் பின்னால் போன பெண்கள் ஆண்களின் அரசியலால் ஏமாற்றப்பட்டவர்கள், பாவம் என்று முடித்தார். நல்ல கைதட்டல். நான் எழுந்து, "எந்தப் பெண்கள், தோழர்?" என்று கேட்டேன். "எல்லாப் பெண்களும்தான், தோழர்" என்றார். அதற்குள் நேரமாகிவிட்டதென்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அங்கே பேச முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்கம்மா சொன்ன ஒன்று. அம்மா இருபத்திரண்டு வருசம் அடுத்தவர் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்தவர். ஒருநாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அய்யா கத்துவாரு, அப்பறம் மறந்துருவாரு. ஆனா எந்த வாசல் வழியா நான் வரணும், எந்தக் கொடத்தைத் தொடக் கூடாது, எந்தட்டை எங்க கவுத்தணும்னு சொல்றது அந்தம்மாதான். அவருக்கு எந்தட்டு எதுன்னே தெரியாது." அந்தம்மாவை யாரும் ஏமாற்றவில்லை. தன் வீட்டில் எது சுத்தம், எது தீட்டு என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவருடையது. அந்த அதிகாரத்தை அவர் முழுசாகச் செலுத்தினார், அவ்வளவுதான்.

அம்மாவின் இந்தப் பேச்சைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மனியின் பழமைவாத, தேசியவாதப் பெண்கள் அமைப்புகளைப் பற்றி வாசித்தேன். நாம் பொதுவாக நாஜிப் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர்களுக்கு முன்னாலேயே, ஹிட்லர் பெயர் மூனிச் நகரத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாத காலத்திலேயே, பட்டுக் கையுறை போட்ட சீமாட்டிகளும் பாதிரிமார் வீட்டுப் பெண்களும் பண்ணையார் மனைவிமார்களும் லட்சக்கணக்கில் அணி திரண்டிருந்தார்கள். அவர்களை யார் திரட்டியது? அவர்களேதான் திரண்டார்கள்.

1918 நவம்பரில் புரட்சி வந்தது. மன்னர் ஓடினார். புரட்சி அரசாங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1919 ஜனவரி 19ஆம் தேதி ஜெர்மன் பெண்கள் முதன்முதலாகத் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். இந்த உரிமைக்காகப் பல காலம் போராடியவர்கள் சோசலிசப் பெண்களும் முற்போக்குப் பெண்களும். அதற்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானது ஜெர்மன் சுவிசேஷப் பெண்கள் சங்கம். பவுலா முல்லர்-ஓட்ஃப்ரீட் என்பவர் அதன் தலைவர். பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்பு வாக்குரிமை கேட்கிறது என்பதற்காகவே 1918இல் அந்தச் சங்கம் கூட்டமைப்பை விட்டு வெளியேறியது. சரி, வாக்குரிமை வேண்டாம் என்றவர் என்ன செய்தார்? 1920இல் மன்னராட்சிக்கு ஏங்குகிற ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போய், 1932 வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சிறைபோய், அடிபட்டு வாங்கிய உரிமை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அந்த உரிமையைக் கொடுத்த குடியரசைக் குழிதோண்டிப் புதைக்கிற வேலை. இதற்கு ஏமாளித்தனம் என்றா பெயர்?

அறியாமை என்று சொல்லவும் வழியில்லை. கேத்தே ஷிர்மாகரைப் பாருங்கள். டான்சிக் நகரத்தில் 1865இல் பிறந்தவர். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலத்தில் சூரிக் போய் 1895இல் முனைவர் பட்டம் வாங்கியவர். தீவிரப் பெண்ணியவாதி. பெண்களின் வீட்டு வேலைக்கு மதிப்பு வேண்டும் என்று அன்றைக்கே எழுதியவர். அதே ஷிர்மாகர் போலிஷ் மக்கள் மீது வெறுப்பைக் கக்குகிற தேசியவாதியாக மாறி, 1919இல் அதே கட்சியின் உறுப்பினராகத் தேசிய சபைக்குள் நுழைந்தார். அவருடைய பெண்ணியம் அவரைத் தடுக்கவில்லை. 'பெண்' என்று அவர் எழுதிய இடத்திலெல்லாம் 'ஜெர்மன் பெண்' என்றுதான் அவர் மனசுக்குள் வாசித்திருக்க வேண்டும். போலிஷ்காரி அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒரு சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்காமல் அந்தச் சொல்லைக் கொண்டாடக் கூடாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது.

1920இல் இந்த வலதுசாரிப் பெண்கள் அமைப்புகளெல்லாம் சேர்ந்து 'தேசியப் பெண்கள் வளையம்' என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. 1923இல் ஹாலே நகரத்தில் ராணி லூயிசே சங்கம் பிறந்தது. லூயிசே என்பவர் நெப்போலியன் காலத்துப் பிரஷ்ய ராணி. இளம் வயதில் செத்துப்போனவர், தியாகத் தாயாக ஆக்கப்பட்டவர். 'எஃகுத் தொப்பி' என்ற முன்னாள் படைவீரர்களின் வலதுசாரி அமைப்புக்குப் பெண் துணை மாதிரி இது. பட்டத்து இளவரசி செசீலியே புரவலர். நீலக் காட்டுப்பூ நிறத்தில் சீருடை. விதவைகளுக்கு உதவி, ஏழைகளுக்குச் சூப்பு, குழந்தைகளுக்குத் துணி, ஊர்வலம், பாட்டு. பார்க்கிறவர்கள் 'என்ன நல்ல சேவை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதில் யூதப் பெண்ணுக்கு இடமில்லை. சூப்புப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் யார் யாரை நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். நாஜிகள் சட்டம் போடுவதற்குப் பல வருசங்களுக்கு முன்னால், யாரும் கட்டாயப்படுத்தாமல்.

இனி வீட்டுக்குள் போவோம். எனக்கு ரத்தம் கொதித்த இடம் அது.

ஜெர்மனியில் வீட்டு வேலைக்காரர்களுக்கென்று தனியாக ஊழியச் சட்டங்கள் இருந்தன. பிரஷ்யாவின் சட்டம் 1810ஆம் வருசத்தது. வேலைக்காரப் பெண் சொல்லாமல் ஓடிவிட்டால் போலீசைவிட்டுப் பிடித்துவந்து மறுபடியும் அதே வீட்டில் விடலாம். அவள் கையில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். அவள் யோக்கியமானவளா என்று எஜமானி அதில் எழுதுவார். அந்த எழுத்தைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலை கேட்க வேண்டும். 1918 நவம்பர் 12ஆம் தேதி புரட்சி அரசாங்கம் ஒரே அறிவிப்பில் இந்தச் சட்டங்களையெல்லாம் ஒழித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைக்காரப் பெண்கள் அன்றைக்குத்தான் மற்றத் தொழிலாளர்களைப் போலச் சட்டத்தின் முன் மனுசிகள் ஆனார்கள். சங்கம் வைத்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லூயிசே கேலர் அவர்களுடைய சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். வேலை நேரத்துக்கு வரம்பு, முறையான ஒப்பந்தம், ஓய்வு என்று கேட்டார்கள்.

எதிரே யார் நின்றது? முதலாளிகள் சங்கமா? இல்லை. 1915இல் போர்க்காலத்தில் தொடங்கிய ஜெர்மன் இல்லத்தரசிகள் சங்கங்களின் கூட்டமைப்பு. சமையல் குறிப்பு, சிக்கனம், சுகாதாரம் என்று பேசுகிற சங்கம். அதுவே வேலைக்காரப் பெண்களின் கோரிக்கைக்கு எதிரான முதலாளிகள் சங்கமாக வேலை செய்தது. வீடு தொழிற்சாலையா, குழந்தை கடிகாரம் பார்த்தா அழும், வேலைக்காரி குடும்பத்தில் ஒருத்தி மாதிரியல்லவா என்பதுதான் அவர்கள் வாதம். 'குடும்பத்தில் ஒருத்தி' — இந்த வார்த்தையைக் கேட்டால் எங்கம்மா சிரிப்பார். குடும்பத்தில் ஒருத்தி, ஆனால் சாப்பாடு தனி, படுக்கை தனி, கூலி மட்டும் கேட்கக் கூடாது. எட்டு மணி நேர வேலை என்பது ஆலைத் தொழிலாளிக்கு வந்தது, வீட்டு வேலைக்காரிக்கு வரவில்லை. அவர்களுக்கான சட்ட முன்வரைவு வந்தது, பேசப்பட்டது, கிடப்பில் போனது. வைமர் குடியரசு முடிகிறவரை அது நிறைவேறவே இல்லை. ஒரு பெண்ணின் ஓய்வைத் தட்டிப் பறித்தது இன்னொரு பெண்ணின் சங்கம். இதையும் ஆணாதிக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாமா, தோழர்?

சமையற்கட்டுக்குக் காவல் நின்ற கைகளே ரத்தத்துக்கும் காவல் நின்றன. 1904 முதல் 1908 வரை தென்மேற்கு ஆப்பிரிக்காவில் — இன்றைய நமீபியா — ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை பாலைவனத்தில் விரட்டிக் கொன்றது. அதன் நடுவில் 1905இல் அங்கே வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்யத் தடை வந்தது. 1907இல் காலனியப் பெண்கள் சங்கம் உருவானது. அதன் முக்கிய வேலை என்ன தெரியுமா? ஜெர்மன் ஆண்கள் ஆப்பிரிக்கப் பெண்களோடு குடும்பம் நடத்திவிடாதபடி இங்கிருந்து ஜெர்மன் பெண்களைக் கப்பலேற்றி அனுப்புவது. போரில் தோற்று, 1919இல் காலனிகளெல்லாம் கைவிட்டுப் போன பிறகும் அந்தச் சங்கம் கலையவில்லை. நாடே இல்லாத காலனிக்கு இருபதுகளிலும் மணப்பெண்களையும் வேலைக்காரிகளையும் அனுப்பிக்கொண்டிருந்தது. ரென்ட்ஸ்பர்க் நகரில் காலனியப் பெண்கள் பள்ளியே நடந்தது. நிலம் போனால் போகிறது, ரத்தம் கலந்துவிடக் கூடாது!

அதே காலத்தில் ரைன் நதிக்கரையை நேச நாட்டுப் படைகள் ஆக்கிரமித்திருந்தன. பிரெஞ்சுப் படையில் செனகல், மொராக்கோ, அல்ஜீரியா என்று பல காலனிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். உடனே 'ரைனில் கறுப்பு அவமானம்' என்று ஒரு கூச்சல் கிளம்பியது. 1920இல் ரைன்லாந்துப் பெண்கள் லீக் என்ற அமைப்பு, அரசாங்கம் பின்னால் நின்று ஆதரவு கொடுக்க, ஜெர்மன் பெண்களின் அபயக்குரல் என்று சொல்லிப் பிரசுரம் போட்டது. ஆக்கிரமிப்புப் படை எதுவும் யோக்கியமானதல்ல, குற்றம் நடந்திருந்தால் குற்றவாளியைக் கேட்க வேண்டியதுதான். இவர்கள் கேட்டது குற்றவாளியை அல்ல, நிறத்தை. வெள்ளைச் சிப்பாய் செய்தால் குற்றம், கறுப்புச் சிப்பாய் அந்த மண்ணில் நின்றாலே அவமானம்.

1920 மே மாதம் தேசிய சபையில் இந்தப் பிரச்சினை வந்தது. வலதுசாரிகள் மட்டுமல்ல, சமூக ஜனநாயகவாதிகள் வரை சேர்ந்துகொண்டு கண்டித்தார்கள். சேராமல் நின்றது சுயேச்சை சமூக ஜனநாயகக் கட்சி. அதன் சார்பில் எழுந்த லூயிசே சீட்ஸ், நம்மவர்கள் காலனிகளில் என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சபைக்கு ஞாபகப்படுத்தினார். அவரும் பெண்தான். நெசவாளி வீட்டுப் பெண், வீட்டு வேலை பார்த்தவர். அன்றைக்கு அந்தச் சபையில் 'பெண்களின் குரல்' ஒன்றல்ல, இரண்டு இருந்தன. எது யாருடைய குரல் என்று பிரித்துப் பார்க்கிற வேலையைத்தான் நாம் செய்யவேண்டியிருக்கிறது.

அந்தச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் ரைன்லாந்தில் வளர்ந்தார்கள். 1937இல் கெஸ்டபோவின் ஏற்பாட்டில் அவர்களைத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ 400 பேருக்கு ரகசியமாகக் கருத்தடை அறுவை செய்தார்கள். கத்தியைப் பிடித்தது பிரசுரம் எழுதிய சீமாட்டிகள் அல்லதான். ஆனால் அந்தக் குழந்தைகளைக் குழந்தைகளாகப் பார்க்க விடாமல் 'அவமானம்' என்று பெயர் வைத்த வேலை, பதினேழு வருசத்துக்கு முன்னால் தாய்மையின் பெயரால் செய்து முடிக்கப்பட்டிருந்தது.

இங்கே அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1916 மே 9ஆம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில், இந்தியாவில் சாதிகள் பற்றி அவர் வாசித்த கட்டுரையின் மையம் அகமணம். ஒரு கூட்டம் தன்னை மூடிக்கொள்ள வேண்டுமானால் பெண்ணின் உடம்பைப் பூட்டியாக வேண்டும். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்தப் பூட்டுகள் என்று காட்டினார். சாதியும் இனமும் ஒன்றல்ல, அதையும் அவரே பின்னால் வாதாடி நிறுவியிருக்கிறார். ஆனால் வேலியின் வேலை முறை ஒன்றுதான். ஜெர்மன் கதை இதில் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பூட்டப்பட்டவளே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பூட்டு அவளுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சாவிக்கொத்து கொடுக்கிற கௌரவம் இருக்கிறதே, அதை விட மனசில்லை.

அந்த வாசலில் தங்களவளையே வெளியே தள்ளிய கதையும் உண்டு. அன்னா ஃபான் கீர்க்க, பெர்லின் சார்லோட்டன்பர்க்கில் குழந்தைகள் நலப் பணியில் பேர்பெற்றவர். 1919இல் தேசிய மக்கள் கட்சியின் சார்பில் தேசிய சபைக்குத் தேர்வானவர். அப்பா ஓட்டோ ஃபான் கீர்க்க புகழ்பெற்ற சட்ட அறிஞர். அம்மா யூத வழியில் வந்தவர். அது போதுமாயிருந்தது. 1920 தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. மகளும் அப்பாவும் கட்சியை விட்டு வெளியேறினார்கள். அதே தேர்தலில்தான் நம் முல்லர்-ஓட்ஃப்ரீட் அம்மையார் அதே கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் போனார். சகோதரித்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டுமா?

பிறகு 1933. ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பிரதமரானபோது அந்த மந்திரி சபையில் தேசிய மக்கள் கட்சியும் இருந்தது. இல்லத்தரசிகள் கூட்டமைப்பு 1932லேயே பெண்கள் கூட்டமைப்பை விட்டு விலகியிருந்தது. 1904இல் பெர்த்தா பாப்பன்ஹைம் தொடங்கிய யூதப் பெண்கள் சங்கம் அந்தக் கூட்டமைப்பில் ஓர் உறுப்பு. யூதப் பெண்களை நீக்கு, நாஜிகளுக்குக் கீழ்ப்படி என்ற நெருக்கடியில் 1933 மே மாதம் கூட்டமைப்பு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ராணி லூயிசே சங்கம் என்ன செய்தது? புதிய ஆட்சியை வாழ்த்தி வரவேற்றது. 1934இல் அதையும் கலைத்துவிட்டார்கள். நாஜிகளுக்குத் தனிச் சங்கம், தனிச் சீருடை, தனி ராணி எதுவும் பிடிக்காது.

"பாத்தீங்களா, ஏமாற்றப்பட்டார்கள்தானே?" என்று தோழர் இந்த இடத்தில்தான் கேட்பார். இல்லை, தோழர். சங்கம் போனது, கேட்டது கிடைத்தது. 1933இலேயே வீட்டு வேலைக்காரப் பெண்களை வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து நீக்கினார்கள். 1935 செப்டம்பர் 15ஆம் தேதி நூரம்பர்க் சட்டம் யூதருக்கும் 'ஜெர்மன் ரத்தத்துக்கும்' மணத்தைத் தடை செய்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, 45 வயதுக்குட்பட்ட ஜெர்மன் ரத்தப் பெண்களை யூதர் தம் வீட்டில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. கவனியுங்கள், ரத்தமும் சமையற்கட்டும் ஒரே சட்டத்தில். 1938இல் இளம்பெண்கள் ஒரு வருசம் வீட்டு வேலையோ விவசாய வேலையோ பார்த்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. பெண்களுக்கு ஊழிய வருசம் வேண்டும் என்பது இந்தச் சீமாட்டிகளின் பழைய ஆசை. அந்த 1938 நவம்பரில்தான் யூதப் பெண்கள் சங்கத்தை அரசாங்கம் ஒழித்தது. இரண்டு சங்கங்களும் கலைக்கப்பட்டன என்று ஒரே வரியில் எழுதலாம். ஆனால் ஒரு சங்கத்தின் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், இன்னொரு சங்கத்தின் பெண்களில் பலர் வதைமுகாமுக்குப் போனார்கள். அந்த ஒற்றை வரி ஒரு பொய்.

ஜெர்மன் பெண்ணியவாதிகளே இதைத் தங்களுக்குள் கடுமையாகச் சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். எண்பதுகளில் கிறிஸ்டினா டுயர்மர்-ரோர் பெண்களின் 'உடன்குற்றம்' பற்றி எழுதினார். 1987இல் கிளாடியா கூன்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் தந்தையர் நாட்டுத் தாய்மார்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். கிசேலா போக் அதை எதிர்த்து எழுதினார். அந்த விவாதத்தில் யார் சரி என்பது வேறு விஷயம். தங்கள் பாட்டிமாரை விசாரணைக்கு நிறுத்துகிற தைரியம் அவர்களுக்கு இருந்தது. நம் மேடைகளில் 'பாவம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த விசாரணையை மூடிவிடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு நம் ஆண் தோழர்கள் சிலர் மீசையைத் தடவிக்கொள்வார்கள். "பாத்தியா, பொம்பளைங்க இயக்கமே இப்படித்தான்." கொஞ்சம் நிறுத்துங்க அண்ணே. அந்தக் கட்சியைக் கட்டியது ஆண்கள், படை நடத்தியது ஆண்கள், சட்டம் எழுதியது ஆண்கள். லூயிசே சீட்ஸும் லூயிசே கேலரும் பெண்கள் இயக்கம்தான். நான் சொல்வது உங்கள் ஆறுதலுக்காக அல்ல. பெண்ணைப் 'பாவம்' என்று சொல்லும்போது அவளுடைய குற்றத்தை மட்டும் நீங்கள் கழுவவில்லை. அவளுக்கு அறிவு உண்டு, அரசியல் உண்டு, தேர்வு உண்டு என்பதையும் சேர்த்தே கழுவிவிடுகிறீர்கள். சீட்ஸ் தேர்ந்தெடுத்துத்தான் எதிர்த்து நின்றார் என்றால், முல்லர்-ஓட்ஃப்ரீட்டும் தேர்ந்தெடுத்துத்தான் ஆதரித்து நின்றார். ஒன்றை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே என் கேள்வி அப்படியே இருக்கிறது. தாய், தேசம், பெண் என்று யாராவது மேடையேறினால், அவருடைய வீட்டின் பின்வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, அவள் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ராணி பெயர், கட்சிப் பெயரெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. வேலைக்காரப் பெண்களின் சங்கம் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைங்க கேட்டது கெடைச்சுதா?"

"இல்லம்மா. சட்டம் வரவே இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வராது. தட்டு யாருதுன்னு தெரிஞ்சவங்க கையில இருந்துச்சுல்ல."